துணைவினை

மண்டபம் ரயிலடிக்கு எதிரே என் டைப்பிங் கடை.
ஆங்கிலம் பக்கம் நாற்பது ரூபாய், தமிழ் முப்பது.
வெள்ளிக்கிழமை மத்தியானம் நம்புத்தாய் வந்தாள்.
பிளாஸ்டிக் உறைக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதம்.
பாசி பிடுங்கும்போது விரலில் சுற்றும் துணியை
அவிழ்க்க மறந்திருந்தாள்.

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்.
எட்டு வயசுலயே நீச்சல் தெரியும்.
மூணு பாகத் தண்ணியில முங்கி
மூச்சு முட்டுறதுக்குள்ள
ஒரு கை மரிக்கொழுந்துப் பாசியோட மேல வருவேன்.

இதற்கு 'குட்' போதும்.
குட் என்பது பரணில் கிடக்கும் அண்டா,
இறக்கினாலும் இறக்காவிட்டாலும் வீட்டில் இருக்கிறது.
நான்கூட ஒரு காலத்தில்
நிமிடத்துக்கு அறுபது சொல் அடிப்பேன்.
குட்.

பிறகு அந்தக் காலை.
கச்சான் காற்று. குருசடைத் தீவுக்குத் தெற்கே
வத்தை கவிழ்ந்தது.
பூமயிலை மயிரைப் பிடித்து இழுத்துவந்து
பாரில் ஏற்றினாள்.
மறுபடி போய்ப் பூமயில் மகனை,
பத்து வயது, அரைஞாண் கயிறு கையில் அகப்பட்டதால்.

ஐ குட் சேவ் டூ பெர்சன்ஸ் என்று அடித்துவிட்டுச்
சந்தேகத்தில் வக்கீல் குமாஸ்தாவுக்குப் போன் போட்டேன்.
ஒரே ஒரு தடவை நடந்ததுக்கு குட் செல்லாதும்மா, என்றார்.
தெரிஞ்சது வேற, செஞ்சது வேற.
வாஸ் ஏபிள் டு போடு.
ரொம்பச் சிரமப்பட்டிருந்தா மேனேஜ்டு டு.

சிரமப்பட்டியா என்று அவளிடம் கேட்டேன்.
பதில் சொல்லாமல் பார்த்தாள்.
மேனேஜ்டு டு.

மூன்றாவது ஆள் சூசைராசு, வத்தைக்காரர்.
"அவர முடியல."

இதற்குக் குமாஸ்தா தேவைப்படவில்லை.
குட் நாட்.
இல்லை என்று சொல்லும்போது
ஆங்கிலம் அத்தனை நுணுக்கம் பார்ப்பதில்லை.
ஒரு காலைப்பொழுதில் முடியாமல் போனதற்கும்
ஆயுசுக்கும் முடியாததற்கும் அதே சொல்தான்.
திரையில் நின்றது அது,
மூணு பாகம் முங்குகிறவளை
முழங்கால் தண்ணீருக்குப் பயந்தவளாகக் காட்டிக்கொண்டு.

கம்பெனியின் கடைசிக் கேள்வி:
குட் யூ ஹேவ் சேவ்டு ஹிம்?
தமிழில் சொன்னேன், காப்பாத்தியிருக்கலாமா?
சொன்ன பிறகுதான் என் வாயே எனக்குச் சுட்டது.
முடிந்திருக்குமா என்றுதான் அவன் கேட்கிறான்.
நம்முடைய 'லாம்' இருக்கிறதே, அது
ஏன் செய்யவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறது.

நம்புத்தாய் விரல் துணியை அவிழ்த்தாள்.
திரும்பவும் சுற்றினாள்.
"சூசைராசு பொஞ்சாதி இத ஒருநாளும் கேக்கல."

கொஞ்ச நேரம் மின்விசிறிதான் பேசியது.

"கையப் பிடிச்சேன்க்கா. எஞ்சின் எண்ணெ கை.
வழுக்கிருச்சு.
அத மட்டும் போடு."

ஸ்லிப்டு.
வெறும் இறந்தகாலம்.
முன்னால் ஒரு துணைவினையும் இல்லாமல்
தனியாகப் போன வினை.

"இன்னொண்ணு. இப்பவும் முங்குவேன்னு எழுது.
நாளைக்கு வத்தம் காலைல ஆறுக்கு. போறேன்."
அதை யாரும் கேட்கலையே என்றேன்.
"கேக்காட்டி என்ன."
கேன் டைவ் என்று அடித்தேன்.

ஒன்றரைப் பக்கம் வந்தது. நாற்பதுதான் வாங்கினேன்.

கைநாட்டு.
பாறையில் தேய்ந்து தேய்ந்து
பெருவிரலில் ரேகையே இல்லை.
மூன்று தடவை உருட்டியும் நீலத் திட்டு.
நாலாவதில் ஓரமாக, பாதிச் சுழி ஒன்று
விழுந்தது.

அதற்கு என்ன வினை போடுவது என்று
குமாஸ்தாவைக் கேட்கவில்லை.